சுடலைக்குப் போன சோறு

அக்கா,

நேற்று ராசிபுரத்தில் ஒரு வீட்டு மாடியில் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தேன். தறி நெய்து தலையெடுத்து இப்போது ஜவுளி வியாபாரம் பார்க்கிற குடும்பம். மதியத்துக்குச் சற்று முன்னால் கீழே அடுப்படியிலிருந்து அரிசியும் பருப்பும் ஒன்றாய் வேகிற மணம் மேலே ஏறி வந்தது. பெயிண்ட் தின்னரையே முகர்ந்து முகர்ந்து மரத்துப்போன மூக்கு என்னுடையது. பக்கத்தில் பிணம் எரிந்தாலும் தெரியாது என்று நீங்களே கேலி செய்வீர்கள். அந்த மூக்கு இந்த மணத்தைப் பிடித்துக்கொண்டது. பிரஷ்ஷை வாளிக்குள் போட்டுவிட்டுச் சாரத்தின் மேலேயே உட்கார்ந்துவிட்டேன்.

வீட்டுக்கார அம்மா கீழே நின்று குரல் கொடுத்தார். "ஏனுங்க, எத்தன தடவங்க கூப்புடறது? அரிசியும் பருப்புஞ் சோறு ஆக்கியிருக்குதுங்க. ஆறுறதுக்குள்ள வந்து சாப்புடுங்க சாமி."

இறங்கிப் போனேன். இலை போட்டவர் என் தலையைப் பார்த்தார். மொட்டை போட்ட தலையில் இப்போதுதான் முடி அரும்பியிருக்கிறது. "ஊட்டுல ஏதாச்சுங் கெட்ட காரியமுங்களா?"

"எங்க அக்கா போயிட்டாங்க."

"கூடப் பொறந்தவங்களா?"

"இல்லைங்க."

"அப்புறம் நீங்க எதுக்குங்க கொள்ளி வெச்சீங்க?"

அந்த அம்மா சும்மா வாய்க்கு வந்ததைத்தான் கேட்டார். இலையை மடித்துவிட்டு எழுந்துவிடலாம் என்றிருந்தது. நல்ல சோறு அக்கா, நெய் வேறு ஊற்றியிருந்தார். வீணாக்கக் கூடாது என்று தின்றுவிட்டு வந்தேன்.

உங்களுக்குப் பிள்ளை குட்டி இல்லை. உங்கள் கூடப் பிறந்த அண்ணனும் உங்களுக்கு முன்னாலேயே போய்விட்டார். நீங்கள் கண்ணை மூடியதும் நம் அகதி முகாமில் எல்லோரும் என்னைத்தான் திரும்பிப் பார்த்தார்கள், கொள்ளி வைப்பதற்கு என்னைவிட உரிமையுள்ளவன் இல்லை என்பதுபோல. கனடாவிலிருந்து ஒருத்தன் செல்போனில் முகத்தைக் காட்டி, "நான் உயிரோட இருக்கிறதே அக்காவால" என்று அழுதான். வராதவர் ஒருவர்தான், மேட்டூர் முகாமில் இருக்கும் உங்கள் அண்ணி. சேலத்தில் ஒரு பஸ் மாறினால் வந்துவிடலாம். முப்பது வருடமாய் உங்களோடு முகம் கொடுத்துக் கதைக்காதவர், தன் மகன் ரூபனின் சாவுக்கு நீங்கள்தான் காரணம் என்று கடைசி வரைக்கும் சொன்னவர், எப்படி வருவார்?

காரணம் நீங்கள் இல்லை, நான். இதை உங்களிடமே திரும்பச் சொல்லி என்ன பிரயோசனம் என்று கேட்பீர்கள். என்னால் முழுதாய்ச் சொல்லக்கூடிய ஆள் நீங்கள் ஒருவர்தான் அக்கா, அதனால் கேளுங்கள்.

இலங்கையில் நம் ஊரை ஆமிப் பட்டாளம் சுற்றி வளைத்திருந்த வருடம் அது. ஒரு பக்கம் ஆமி இளவட்டங்களைப் பிடித்துக்கொண்டு போனது. மறுபக்கம் காட்டிலிருந்து வந்த இயக்கக்காரர்கள் சண்டைக்கு வீட்டுக்கு ஒரு பிள்ளை கேட்டார்கள். நீங்கள் வேலை பார்த்த கூட்டுறவுச் சங்கக்கடையின் மனேச்சர் கொழும்புக்கு ஓடிவிட்டார். சாவி உங்கள் கையில் இருந்தது. நிவாரணக் கார்ட்டுகள் எல்லாம் உங்கள் மேசையில் இருந்தன. எந்த வீட்டில் எத்தனை வாய், எந்த வயது என்று உங்களுக்குத் தெரிந்த அளவு ஊரில் வேறு யாருக்கும் தெரியாது. ஆமி கேட்டபோது கார்ட் எல்லாம் கறையான் தின்றுவிட்டது என்று கையை விரித்தீர்கள். காட்டுக்காரர்கள் கேட்டபோதும் அதே கறையானைத்தான் காட்டினீர்கள். "அவங்களுக்கும் இல்லை, இவங்களுக்கும் இல்லை. இது என்ர கார்ட்டில இருக்கிற பிள்ளையள்" என்று எங்களிடம் சொன்னீர்கள். துவக்குத் தூக்காமல் ஒரு ஊர் இரண்டு பக்கத்துக்கும் மாட்டேன் என்று சொன்னது உங்கள் வாயால்தான்.

பதினொரு பெடியன்களைச் சுடலையில் ஒளித்து வைத்தோம். ஊர்க்கோடியில் பனங்கூடலுக்குள் பாழடைந்த மடம். ஆமிக்காரன் அந்தப் பக்கம் கால் வைப்பதில்லை, பேய்க்கு அவனும் பயம்தான் போல. ஆனால் அங்கே போகிற ஒரே பாதையான ஒழுங்கையின் முகப்பில் அவனுடைய காவலரண் இருந்தது. சோறு கொண்டுபோன இரண்டு ஆண்களைப் பிடித்து அடித்து அனுப்பினான். மூன்றாவது ஆளைத் திருப்பி அனுப்பவே இல்லை. இந்தியாவுக்குப் படகு கிடைக்க ஒரு மாதமாவது ஆகும். அதுவரை அந்தப் பதினொரு பேரையும் பட்டினி போடாமல், காட்டிக் கொடுக்காமல் வைத்திருப்பதுதான் நமக்கு இருந்த ஒரே வேலை.

சங்கக்கடைப் பின்னறையில், மா மூட்டைகளுக்கு நடுவே கூட்டம் போட்டோம். கூட்டத்தைக் கூட்டியது நீங்கள். தேத்தண்ணி ஊற்றியதும் நீங்கள். அதை வாங்கிக் குடித்துக்கொண்டே கோயில் தலைவர் என்னைப் பார்த்து, "தம்பி, அவவிட்டச் சொல்லு, பொம்பிளையள் இதில தலையிட வேண்டாமெண்டு" என்றார். நீங்கள் மூன்றடி தூரத்தில் தராசுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தீர்கள். நான் உங்கள் பக்கம் திரும்பி அதே வார்த்தைகளை ஒன்று விடாமல் ஒப்பித்தேன். இருபத்துமூன்று வயது எருமை! இப்போது நினைத்தாலும் என் கன்னத்தில் நானே அறையலாம் போலிருக்கிறது.

நீங்கள் என்னைப் பார்க்காமல் அவரைப் பார்த்தே பேசினீர்கள். "கிழக்குத் தெருக் கிழவர் முந்தநாள் செத்தவர். செத்த ஆளுக்கு முப்பத்தொரு நாள் சுடலையில சோறு வைக்கிறது எங்கட வழக்கம் எண்டு ஆமியிட்டச் சொல்லப் போறன். சோத்தை நான் கொண்டு போறன்."

அப்படி ஒரு வழக்கம் நம்மிடம் இல்லை. அது போதாதென்று பெண்கள் சுடலைக்குப் போவதும் இல்லை. தெரு முடக்கோடு அவர்கள் நின்றுவிட வேண்டும், அழுகையும் அங்கேயே முடிய வேண்டும். அறைக்குள் இருந்த ஐந்து ஆண்களும் ஒரே நேரத்தில் கத்தினோம். "கலியாணமும் கட்டாத பொம்பிளை சுடலைக்குப் போறதோ?" என்று ஒருவர் கேட்டார். அதற்கும் கலியாணத்துக்கும் என்ன சம்பந்தம் என்று யாரும் கேட்கவில்லை.

"இந்த முறையெல்லாம் உங்களுக்குத்தான் தெரியும்" என்றீர்கள். "ஆமிக்குத் தெரியாது."

மறுநாள் காலை புது மண்பானை இரண்டில் அரிசியும் பருப்பும் பூசணிக்காயும் ஒன்றாய் வேகவைத்து, பானை வாயில் வெள்ளைத் துணி கட்டிக் கொண்டுபோனீர்கள். கருவாடு கூடாது என்று கண்டிப்பாய்ச் சொல்லியிருந்தீர்கள், செத்தவீட்டுச் சோற்றில் கருவாடு மணக்காது. நான் ஓட்டுகிற சங்கக்கடை டிரக்டரை ஒழுங்கைப் பக்கம் நிறுத்தி, அதைத் துடைப்பதுபோல நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். காவலரணில் நின்றவன் துணியை அவிழ்த்துப் பார்த்தான். நீங்கள் வானத்தைக் காட்டினீர்கள், பானையைக் காட்டினீர்கள். அவன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வழிவிட்டான். செத்தவர்களுக்குச் சோறு படைக்கிற அம்மா அவனுக்கும் எங்கோ இருந்திருப்பாள்.

ஆமி மறிக்கவில்லை. மறித்தது நாங்கள்தான். நாலாம் நாளுக்குள் ஒன்பது பெண்கள் முறை போட்டு உங்களோடு நடக்கத் தொடங்கினார்கள். ஐந்தாம் நாள் கோயில் தலைவர் கட்டளை போட்டார், சுடலைக்குப் போன பெண்கள் கோயிலுக்குள் கால் வைக்கக் கூடாது என்று. அன்றைக்கே நாலு பேர் நின்றுவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆமிக்குப் பயப்படாதவர்கள் அம்மனுக்குப் பயந்தார்கள்.

அன்று பின்னேரம் தலைவர் என்னைத் தனியே கூப்பிட்டார். "இந்த ஊரில ஆம்பிளையெண்டு ஒருத்தனாவது இருக்கிறானோ தம்பி?" என்றார். அவ்வளவுதான் கேட்டார். சங்கக்கடை டிரக்டர் ஓட்டுகிறவன் என்பதால் எனக்கு ஆமி கொடுத்த பாஸ் இருந்தது. அதைக் காட்டினால் விடுவான் என்று நினைத்தேன். ஆறாம் நாள் நீங்கள் வருவதற்கு முன்பே, உங்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல், சங்கக்கடையில் ஆக்கி வைத்திருந்த பானை இரண்டையும் தூக்கிக்கொண்டு போய்விட்டேன். ஊரின் மானத்தைக் காப்பாற்றுகிறேன் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தது இன்னும் நினைவிருக்கிறது.

தினமும் பெண்கள் வந்த வழியில் ஒரு வாலிபன் வந்தால் காவலரணில் நிற்கிறவனுக்கு என்ன தோன்றும்? பாஸை அவன் பார்க்கக்கூட இல்லை. பானையை உதைத்தான். சோறு ஒழுங்கையில் சிந்திக் கிடந்தது. என்னைக் கட்டி இழுத்துக்கொண்டு போனார்கள். ஒழுங்கையையும் மூடிவிட்டார்கள்.

அடித்தார்கள். நான் வாய் திறக்கவில்லை. பல வருடங்களாய் இதை ஒரு பெருமையாய் நினைத்து வந்தேன். அங்கே மடத்தில் பதினொரு பேரும் சோறும் தண்ணீரும் இல்லாமல் இருந்தார்கள். மறுநாள் மத்தியானம் தாகம் தாங்காமல், பனங்கூடலைத் தாண்டித் தள்ளியிருந்த குளத்துக்கு இறங்கிய ரூபனைச் சுட்டுவிட்டார்கள். பத்தொன்பது வயது. உங்கள் அண்ணனின் ஒரே மகன். நீங்கள் தூக்கி வளர்த்த பிள்ளை.

அதன் பிறகு நடந்ததை மற்றவர்கள் சொல்லித்தான் அறிந்தேன். நாற்பது பெண்களைக் கூட்டிக்கொண்டு ஆமி முகாம் வாசலில் வெயிலில் போய் உட்கார்ந்தீர்கள். இவர்கள் ஊர்ப் பிள்ளைகள்தான் என்று காட்ட, கறையான் தின்றதாய்ச் சொன்ன கார்ட்டில் என்னுடையதும் ரூபனுடையதும் மட்டும் உங்கள் கையில் இருந்தன. பின்னேரம் என்னை உயிரோடும் அவனை உயிரில்லாமலும் வாங்கிக்கொண்டு திரும்பினீர்கள். என்னை விடச் சொல்லி நீங்கள் பேசியபோது அவன் உடல் உங்களுக்குப் பக்கத்தில் கிடந்தது என்று சொன்னார்கள்.

அன்று சங்கக்கடை வாசலில் ஊர் கூடியது. உங்கள் அண்ணன் கையில் கோடரி இருந்தது. அவருடைய சொந்தக்காரர்கள் ஒரு பக்கம், கோயில் தலைவரின் சொந்தக்காரர்கள் மறுபக்கம். "இவனைச் சோத்தோட அனுப்பினது ஆர்?" என்று அண்ணன் கேட்டார். தலைவரின் முகம் வெளிறிவிட்டது. நான் வாயைத் திறந்தேன். உண்மையாகவே திறந்தேன் அக்கா. அதற்குள் உங்கள் குரல் வந்துவிட்டது.

"நான்தான் அனுப்பினனான்."

அண்ணி உங்கள் கன்னத்தில் அறைந்தார். மண்ணை வாரி உங்கள் தலையில் போட்டார். நீங்கள் அசையவில்லை. கோடரி கீழே விழுந்தது. தங்கையை வெட்ட அவரால் முடியவில்லை.

அந்தக் கணக்கு எனக்குப் பிறகுதான் விளங்கியது. தலைவரின் பெயர் வெளியே வந்திருந்தால் அன்றே இரண்டு வெட்டு விழுந்திருக்கும். ஊர் இரண்டாகியிருக்கும். இரண்டில் ஒரு பக்கம் ஆத்திரத்தில் ஆமியிடம் போய்ச் சுடலையைக் காட்டியிருக்கும். மடத்தில் இன்னும் பத்துப் பேர் இருந்தார்கள்.

மறுநாள் ரூபனைச் சுடலையில் எரித்தோம்; செத்தவீட்டுக்காக ஆமி ஒழுங்கையைத் திறந்துவிட்டது. அதற்கு மறுநாள் காலை நீங்கள் புதிதாய் இரண்டு பானை வைத்தீர்கள். கிழவரின் பெயரில் சொன்ன பொய்யை இப்போது ரூபனின் பெயரில் சொன்னீர்கள். அவனுடைய முப்பத்தொரு நாள்தான் மற்றப் பத்துப் பேருக்கும் சோறு போட்டது. அண்ணி அதையும் மன்னிக்கவில்லை. "என்ர பிள்ளையின்ர சாவை வச்சு ஊர்ப் பிள்ளையளை வளர்க்கிறாள்" என்று தெருவில் நின்று கத்தினார். நீங்கள் அந்தத் தெரு வழியாகத்தான் பானையோடு தினமும் போக வேண்டியிருந்தது.

கோயில் தலைவர் கட்டளையை எடுத்துவிட்டார். அடுத்த கூட்டத்தில் என்னைப் பார்க்காமல் உங்களைப் பார்த்தே, "பிள்ளை, நாளைக்கு எத்தினை பேர் வர வேணும்?" என்று கேட்டார். அன்று தேத்தண்ணி அவர் வீட்டிலிருந்து வந்தது. அதற்குப் பிறகு படகு வந்து பத்துப் பேரும் கடல் தாண்டும் வரை, ஒரு ஆணும் உங்கள் சொல்லுக்கு மறுசொல் சொல்லவில்லை. அவரைக் காப்பாற்றியதால் வந்த மரியாதை அது என்பது நம் மூவருக்குத்தான் தெரியும் என்று நினைத்திருந்தேன்.

பிறகு நாமும் படகேறினோம். முதலில் மண்டபம் முகாம், அங்கிருந்து இந்த முகாம். நான் பெயிண்ட் வாளி தூக்கினேன், நீங்கள் முகாம் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தீர்கள். என் வாயில் 'ங்க' ஒட்டிக்கொண்டது. நீங்கள் கடைசிவரை ரேஷன் கடைக்காரரிடம் "அரிசி தாங்கோ தம்பி" என்றுதான் கேட்டீர்கள். அவரும் உங்களோடு பேசும்போது மட்டும் "இந்தாங்கோ" என்பார்.

ரூபனின் ஒவ்வொரு திவசத்துக்கும் மேட்டூருக்குப் போவீர்கள். ஒரு தடவை நானும் வந்தேன். அண்ணி உங்களைக் கண்டதும் கதவைச் சாத்தினார். சித்திரை வெயிலில் அரை மணி நேரம் நின்றுவிட்டுத் திரும்பினீர்கள். பஸ்ஸில், "நான் சொல்லிப்போடுறன் அக்கா" என்றேன்.

"இப்ப சொல்லி என்ன? அவளுக்கு ஆரையாவது வெறுக்க வேணும். நான் இருக்கிறன். நீ பேசாம இரு."

பேசாமல் இருந்தேன். உங்கள் சொல்லை நான் கேட்டு நடந்தது அந்த ஒரு விஷயத்தில்தான். எனக்கு வசதியான விஷயம் அல்லவா!

நீங்கள் போன இருபதாம் நாள் மேட்டூருக்குப் போனேன். அண்ணிக்கு இப்போது கண் மங்கிவிட்டது. வாசலில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். குரலை வைத்து என்னைக் கண்டுபிடித்தார்.

"அக்கா போயிட்டா" என்றேன்.

"கேள்விப்பட்டன்."

"அண்டைக்கு அக்கா என்னை அனுப்பேல்லை. நானாத்தான் பானையைத் தூக்கிக்கொண்டு போனனான். கோயில் தலைவர் உசுப்பிவிட்டவர். அக்காவுக்கு ஒண்டும் தெரியாது."

கீரை உருவுகிற கை நிற்கவில்லை. "எனக்குத் தெரியும்" என்றார். "தலைவற்ற பெண்சாதி இந்த முகாமில சாகக் கிடக்கேக்க என்னைக் கூப்பிட்டுச் சொன்னவ. பத்துப் பதினைஞ்சு வருசம் இருக்கும்."

"தெரிஞ்சுமா? பிறகும் அக்கா எத்தினை தரம் வந்தவ... கதவைத் திறந்திருக்கலாமே."

அவர் இன்னொரு கொத்தை எடுத்து உருவினார். பிறகு சொன்னார். "உன்னை வெறுத்துப் பார்த்தனான் தம்பி. முடியேல்லை. சின்னப் பெடியன், ரோசத்தில செய்துபோட்டான் எண்டு என்ர மனமே உனக்காகக் கதைச்சுது. அவளை வெறுக்கேக்க மட்டும் ஒருத்தரும் என்னை மறிக்கேல்லை. நானும் என்னை மறிக்கேல்லை." உருவிய கீரையை மடியிலிருந்து சுளகில் கொட்டிவிட்டு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். நான் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிக்கொண்டு எழுந்து வந்துவிட்டேன்.

உங்கள் முப்பத்தோராம் நாள் சாப்பாட்டுக்கு முகாம் முழுதும் வந்திருந்தது. உங்களிடம் படித்த பிள்ளைகள், அவர்களின் பிள்ளைகள். பந்தி உட்கார்ந்ததும் நான் எழுந்து நின்றேன். எல்லாவற்றையும் சொன்னேன், பானையை, தலைவரை, குளத்தை, நீங்கள் ஏற்றுக்கொண்ட பொய்யை. நம் ஊர்க்காரர்கள் பன்னிரண்டு பேராவது அதில் இருந்தார்கள். இத்தனை வருடமும் உங்கள் முதுகுக்குப் பின்னால் "அண்ணன் மகனைப் பறிகொடுத்தவள்" என்று கதைத்தவர்கள். யாராவது எழுந்து என் சட்டையைப் பிடிப்பார்கள் என்று காத்து நின்றேன். பிடித்தால் நல்லது என்றுதான் இருந்தது.

ஒருவரும் எழும்பவில்லை. முன்வரிசையில் இருந்த பெரியவர் ஒருவர் சோற்றைப் பிசைந்துகொண்டே, "அதை விடு தம்பி. நீ அப்ப அறியாத வயசு. இருந்து சாப்பிடு" என்றார். பக்கத்தில் இருந்தவர்களும் "ஓம், ஓம்" என்று தலையாட்டினார்கள். ஒருவர் என் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார். இலையில் பாயாசம் விழுந்தது.

அரை நிமிடம்கூட ஆகவில்லை, அக்கா. முப்பது வருடமாய் உங்களுக்குக் கொடுக்காததை அரை நிமிடத்தில் எனக்குக் கொடுத்துவிட்டார்கள். அதை வைத்துக்கொள்ளவும் முடியவில்லை, திருப்பிக் கொடுக்கவும் ஆள் இல்லை.